மஞ்சள் ரோப்பும் மஞ்சள் கயிறும்

அந்தமானில் சௌல்தாரி ஊருக்குப் பின்னால் இருக்கும் எங்கள் அருவிக்குப் புதிதாக ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள். பழைய ஆபீசிலிருந்து படம் எடுத்து எனக்கும் அனுப்பினார்கள். 'முதன்முறை இறங்குவோருக்கு உகந்தது' என்று மூன்று மொழியில் எழுதியிருக்கிறது. ரிட்டையர் ஆகும்வரை அந்த அருவியில் ரோப் பிடித்து இறங்கியவள் நான். அது யாருக்காவது உகந்ததாக இருக்க முயற்சி எடுத்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் கீழே போய்ச் சேர வேண்டும், அதற்கு அந்த ஒரே கவலைதான். நடுவில் நாம் தொங்கினால் நம்மையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகும்.

படத்தோடு ஒரு வேண்டுகோளும் வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பாம். "ராசம்மாக்கா, உங்க எக்ஸ்பீரியன்ஸ எழுதிக் குடுங்க, எங்களுக்கு இன்ஸ்பிரேஷனா இருக்கும்" என்றார்கள். பிள்ளைகளே, நான் மலையையும் அருவியையும் கனவு கண்டு இந்த வேலைக்கு வந்தவள் அல்ல. மிச்சமாகி வந்தவள்.

இலங்கை மலையகத்தில் கொழுந்து பறித்த குடும்பம் எங்களுடையது. அங்கே நாங்கள் மிச்சம் என்று இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். கப்பலேற்றி, நிக்கோபாரில் கச்சால் தீவின் சர்க்கார் ரப்பர் தோட்டத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். அங்கேதான் வளர்ந்தேன், பால் வெட்டினேன், கல்யாணம் கட்டினேன். பிறகு சுனாமி வந்தது. தோட்டம் போன பிறகு, உயிரோடு இருந்த நாங்கள் மறுபடியும் மிச்சமானோம். இந்தத் தடவை அதற்கு 'சர்ப்ளஸ்' என்று இங்கிலீஷில் பெயர் வைத்து கௌரவப்படுத்தினார்கள்.

என் வீட்டுக்காரர் அன்று காலையில் கடற்கரைப் பக்கம் போனவர். உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவரை அவர் 'காணாமல் போனவர்'. காணாமல் போனவரின் பெண்டாட்டி தாலி போடலாமா கூடாதா என்று போர்ட் பிளேர் முகாமில் இருந்த சனம் ஆளுக்கொரு சட்டம் பேசியது. வெகுநாள் கழித்து ஓர் ஆபீசில் ஒரு கிளார்க் முத்திரை குத்திக் கொடுத்தார். காலையில் சுமங்கலியாக வரிசையில் நின்ற நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு விதவையாகத் திரும்பினேன்.

சர்ப்ளஸ் ஆட்களை ஆபீஸ் ஆபீஸாகப் பிரித்துப் போட்டார்கள். என்னோடு பால் வெட்டிய ஒருத்திக்கு லைப்ரரி கிடைத்தது. இன்னொருத்திக்கு மீன் பண்ணை. எனக்கு சாகசச் சுற்றுலாப் பிரிவு. சுனாமிக்குப் பிறகு பயந்து ஓடிய டூரிஸ்டுகளைத் திரும்ப வரவழைக்க என்ன செய்யலாம் என்று யோசித்தவர்கள், அவர்களை அருவியில் கட்டித் தொங்கவிடலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். லேடீஸ் டூரிஸ்டுக்கு இடுப்பிலும் தொடையிலும் வார் பூட்டிவிட ஒரு பொம்பளை வேண்டும். அந்த வாரின் பெயர் ஹார்னஸ். நான் அதுவரை கேட்டதில்லை. எனக்குப் போஸ்டிங் போட்டவரும் கேட்டிருக்க மாட்டார்.

பயிற்சிக்கு மேன்லண்டுக்கு அனுப்பினார்கள். என் வயதுக்காரிகள் பேரப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ஒரு மலைமுகட்டில் நின்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். கையையோ காலையோ உடைத்துக்கொண்டு பாதியிலேயே வந்துவிடுவேன் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்களாம். அந்தச் சந்தோஷத்தை நான் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. சர்டிபிகேட்டோடு கப்பலில் திரும்பி வந்தேன். அதை வாங்கிப் பார்த்த எங்கள் இன்சார்ஜ் திர்க்கி சார், "பஹுத் அச்சா" என்று சொல்லி, மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, "கல் ஸே ஸீக்கேங்கே" என்றார். நாளையிலிருந்து கற்றுக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

திர்க்கி சார் ராஞ்சிக்காரர். அவருடைய தாத்தா காலத்தில் இங்கே காட்டுமரம் வெட்ட வந்த குடும்பம். குள்ளமான ஆள், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. எல்லோரையும் 'ஆப்' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறியும்போதுகூட, "ஆப் உதர் ஜாயியே" என்று அதற்கு வழி காட்டுவார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு இறக்கத்தின் விளிம்பிலும் நின்று, தண்ணீரையும் பாறையையும் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு, யாருக்கு டீ வேண்டும் என்று கேட்கிற தொனியில் எங்களைப் பார்த்துக் கேட்பார்:

"இதர் கௌன் மரேகா?"

இங்கே யார் சாவார்? இதுதான் கேள்வி. 'யாரும் சாக மாட்டாங்க சார்' என்று பதில் சொன்னால், அன்றைக்கு அவர் நம்மை ஜீப்புக்குக் காவல் இருக்க அனுப்பிவிடுவார். சாகும் வழியைச் சொல்ல வேண்டும். இடது பக்கம் பாசி, கால் வழுக்கி முட்டி பாறையில் மோதும். நடுவில் தண்ணீர் ஒன்றுகூடி விழுகிறது, அதற்குள் தலை போனால் மூச்சு கிடையாது. பின்னல் தொங்கினால் எட்டுக்குள் போகும். எட்டு என்பது எட்டு மாதிரியே இருக்கும் ஓர் இரும்பு. ஹார்னஸின் முன்பக்கம் மாட்டியிருக்கும், ரோப் அதன் வழியாக வளைந்து ஓடும்போது வேகம் அடங்கும். ஆனால் ரோப்போடு எது போனாலும் அது உள்ளே இழுத்துக்கொள்ளும். துணி, முடி, விரல் என்று வித்தியாசம் பார்க்காது. இப்படி நாங்கள் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே இருப்பார். எங்களுக்குச் சாவு தீர்ந்த பிறகு, "டீக் ஹை. அப் பச்சாயியே" என்பார். சரி, இப்போது அவரைக் காப்பாற்றுங்கள்.

டூரிஸ்டுகள் நிற்கும்போதும் இதையே கேட்பார். ஹனிமூன் வந்த மாப்பிள்ளைகளின் முகம் அப்போது பார்க்க வேண்டும். ஆபீசுக்குப் புகார் போயிற்று. டூரிஸ்டுகள் முன்னால் பாசிட்டிவாகப் பேசும்படி மேலிடம் அறிவுரை சொன்னது. அடுத்த நாளிலிருந்து திர்க்கி சார் விளிம்பில் நின்று, "இதர் கௌன் நஹீம் மரேகா?" என்று கேட்க ஆரம்பித்தார். இங்கே யார் சாக மாட்டார்?

அருவி பெரியதில்லை. நாலா என்று இங்கே சொல்லும் காட்டோடை மூன்று இடத்தில் விழுகிறது. முதல் இறக்கம் ஒரு வளர்ந்த பாக்குமர உயரம். கீழே கழுத்தளவு குளம், குளத்தை ஒட்டி வெளியேறும் பாதை. இரண்டாவது ஒரு சறுக்குப் பாறை. மூன்றாவது சின்னது, ஆனால் அடியில் நல்ல ஆழமான குளம். முதல் இறக்கத்துக்கு மேலே ஒரு படாக் மரம் நிற்கிறது. அதில்தான் இரண்டு ரோப் கட்டுவோம். ஒன்று டூரிஸ்டுக்கு, ஒன்று பக்கத்தில் எங்களுக்கு. டூரிஸ்டின் ரோப்பை திர்க்கி சார் ஒரு தனி விதமாகக் கட்டுவார். ஆள் நடுவில் மாட்டிக்கொண்டால் மேலேயிருந்தே அதை இளக்கி, ஆளை ரோப்போடு கீழே இறக்கிவிடலாம். ரோப் நல்ல மஞ்சள் நிறம். தண்ணீரில் தெளிவாகத் தெரியும் என்று வாங்கியது.

என் வேலை லேடீஸ். ஹெல்மெட், கொண்டை, வார், பூட்டு எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தால் போதாது, கையால் இழுத்துப் பார்க்க வேண்டும் என்பது சாரின் சட்டம். மோதிரம், சங்கிலி கழற்ற வேண்டும். இங்கேதான் என் பாடு. வடக்கத்திப் பெண்கள் முழங்கை வரை சிவப்பு வளையலோடு வருவார்கள், கழற்றினால் மாமியார் வீட்டில் ஆகாது. அதன்மேல் பழைய கால்சட்டைத் துணியைச் சுற்றிக் கட்டுவேன். நம் பெண்களுக்குத் தாலி. கழற்றச் சொல்ல நான் யார்? பிளவுசுக்குள் விட்டு, ஆஸ்பத்திரி பிளாஸ்திரியால் நெஞ்சோடு ஒட்டி, மேலே லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிப் பூட்டிவிடுவேன்.

மாப்பிள்ளைகளுக்கு இவ்வளவு வேலை கிடையாது. பாதிப் பேர் விளிம்பு வரைதான் வருவார்கள். அங்கே வந்ததும் ஒருவருக்கு முதுகு வலிக்கும், ஒருவருக்கு ஆபீசிலிருந்து போன் வரும், டவரே இல்லாத காட்டில். ஏழு ஜன்மத்துக்கும் கூட வருவேன் என்று நெருப்பைச் சுற்றியவர், ஒரு பாக்குமர உயரத்துக்குக் கூட வரமாட்டார்.

சுகன்யா வந்தது மழை விட்ட ஒரு தை மாசம். ஈரோட்டுப் பக்கத்துக் கிராமம். கல்யாணமான புதுசு, கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்கவில்லை. கூட வந்தவர் புருஷன் செந்தில். அவரோடு அவருடைய அம்மாவும் ஹனிமூனுக்கு வந்திருந்தார். முந்தின நாள் விடியற்காலையில் எழுப்பி பாராடாங் சுண்ணாம்புக் குகைக்குக் கூட்டிப்போய்த் திரும்பியிருந்தார்கள், மூன்று பேர் கண்ணிலும் தூக்கம். விளிம்பைப் பார்த்ததும் செந்திலுக்குத் தூக்கம் கலைந்தது.

"எனக்கு மூட்டு கொஞ்சம் சரியில்லீங்க" என்றார் என்னிடம். "போன வருஷம் கிரிக்கெட் ஆடயில..."

"அப்ப போலாம் வா சாமி. எதுக்கு இந்த வம்பெல்லாம்" என்றார் அம்மா.

"நான் எறங்கறனுங்க" என்றாள் சுகன்யா.

மூன்று பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். அவள் கூச்சத்தோடு சிரித்தாள். "எங்கூர்ல கெணத்து மேட்டுல இருந்தே குதிப்பமுங்க. இதுல கயிறு வேற இருக்குது."

செந்தில் கொஞ்சம் யோசித்தார். பெண்டாட்டி அருவியில் இறங்கும் படம் ஆபீசில் காட்ட நன்றாக இருக்கும் என்று தோன்றியிருக்க வேண்டும். சம்மதித்துவிட்டு, கேமராவோடு பக்கவாட்டுப் பாறைக்குப் போனார். அங்கிருந்து பார்த்தால் அருவியின் மேல்பாதி தெரியும். அம்மா குடையை விரித்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்.

நான் தாலியை உள்ளே விட்டு ஒட்டினேன். திர்க்கி சார் வந்து ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்த்தார். அவள் ரோப்பில் சாய்ந்து, பின்பக்கமாக விளிம்பைத் தாண்டி இறங்கினாள். கால் வைத்த விதத்திலேயே தெரிந்தது, பயமில்லாத பெண். நான் அடுத்தவருக்கு ஹெல்மெட் மாட்டத் திரும்பினேன். அப்போதுதான் பாறையிலிருந்து செந்திலின் குரல் கேட்டது.

"சுகன்யா! நில்லு! தாலி தெரியல பாரு, வெளிய எடுத்துப் போடு!"

திர்க்கி சாருக்குத் தமிழ் தெரியாது. விளிம்புக்குக் கீழே அவள் கை என்ன செய்கிறது என்று மேலேயிருந்து அவருக்குத் தெரியவும் தெரியாது. நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடினேன். ஒரு நீளமான ஊதல் என்றால் நில் என்று அர்த்தம். நான் ஊதியபோது அவள் தாலியை வெளியே எடுத்துப் போட்டு, போட்டோவுக்கு நின்று முடித்து, மறுபடி இறங்கத் தொடங்கியிருந்தாள். குனிந்து கால் வைக்கும் இடத்தைப் பார்த்தாள். கயிறு தொங்கி எட்டைத் தொட்டது. அதற்குமேல் இரும்பு தன் வேலையைச் செய்தது.

மேலேயிருந்து பார்க்கும்போது அவள் தன் வயிற்றையே பார்த்துக் கும்பிடுகிற மாதிரி இருந்தது. கால் இரண்டும் பாறையை உதைத்தன. கேமரா இன்னும் முகத்திலிருந்து இறங்கவில்லை.

வழக்கமாக ஆள் மாட்டிக்கொண்டால் ரோப்பை இளக்கி இறக்கிவிடுவோம். ஆனால் அவள் தொங்கிய இடத்துக்கு நேர் கீழேதான் தண்ணீர் ஒன்றுகூடி விழுந்தது. நிமிர முடியாத கழுத்தோடு அதற்குள் இறக்கினால் முகம் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். திர்க்கி சார் ரோப்பில் கை வைத்தபடி ஒருமுறை எட்டிப் பார்த்தார். அவசரத்தில்கூட அவர் குரல் உயரவில்லை.

"ராசம்மா ஜி, ஆப் ஜாயியே. பெஹலே கர்தன்."

முதலில் கழுத்து. நான் பக்கத்து ரோப்பில் இறங்கினேன்.

அவளுக்குச் சமமாக வந்ததும் என் ரோப்பைப் பூட்டி நின்றேன். ஒரு குட்டை வாரால் அவளை என்னோடு சேர்த்து மாட்டினேன். பிறகு இரண்டு முட்டியையும் பாறையில் ஊன்றி, அவள் காலைப் பிடித்து என் தொடைமேல் வைத்தேன். ஏறி நின்றால் பாரம் குறையும், கயிறு இளகும் என்று கணக்கு. நின்றாள். கொஞ்சம் மூச்சு உள்ளே போனது, வெளியே வரும்போது விசில் மாதிரி சத்தம். ஆனால் கயிறு எட்டுக்குள் இரண்டு சுற்றுப் போய்விட்டிருந்தது. நனைந்த புது நூல் கம்பி மாதிரி இறுகிக் கிடந்தது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அவள் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

இறுகிய ரோப் பக்கத்தில் கத்தி திறக்கக் கூடாது. பாரம் தாங்கும் ரோப்பில் கத்தி பட்டால் போதும், வெட்டக்கூட வேண்டாம். அதனால் நுனி மழுங்கிய ஒரு கத்தரிக்கோலை இடுப்பில் கட்டித் தொங்கவிட்டிருப்போம். அதை எடுத்தேன். எடுத்துவிட்டுப் பார்த்தால், ரோப்பும் மஞ்சள், கயிறும் மஞ்சள். மேலே தண்ணீர் விழுந்து தெறிக்கிறது. எது அவள் உயிரைப் பிடித்திருக்கிறது, எது எடுக்கிறது என்று கண்ணுக்குப் பிரியவில்லை.

பாறையிலிருந்து அம்மாவின் குரல் தண்ணீர்ச் சத்தத்தைத் தாண்டி வந்தது. கத்தரிக்கோலைப் பார்த்துவிட்டார்.

"அய்யய்யோ! அறுத்துப் போடாத! ஏம்மா, தாலியம்மா அது! டேய் செந்திலு, சொல்லுடா!"

செந்தில் சொன்னார். "மேடம், கட் பண்ணாதீங்க! வேற வழி பாருங்க மேடம்!"

வேறு வழி பார்க்க அவர் எனக்கு நேரம் கொடுத்தார், அவளுக்கு இல்லை. நான் அவள் முகத்துக்கு நேரே கத்தினேன்: "வெட்டட்டுமா புள்ள?"

அவளால் பேச முடியாது. என்னைப் பார்த்தாள். பிறகு அவளுடைய இடது கை மேலே வந்தது. விறைத்துப்போன விரல்களால் தடவித் தடவி, ரோப்பை விட்டுக் கயிற்றை மட்டும் நகத்தால் தூக்கிப் பிரித்தாள். ஒரு விரலை உள்ளே கொடுத்து நெம்பிக் காட்டினாள். அந்த விரலை ஒட்டிக் கத்தரிக்கோலை விட்டேன். முதல் வெட்டில் பாதி போனது. இரண்டாவது வெட்டில் அவள் தலை பின்னால் போய் என் ஹெல்மெட்டில் மோதியது. அவள் இழுத்த மூச்சு அவ்வளவு தண்ணீர்ச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது.

என் ரோப்பின் பூட்டை விடுவித்துவிட்டு இரண்டு ஊதல் ஊதினேன், இறக்கு என்று அர்த்தம். திர்க்கி சார் அவள் ரோப்பை மெதுவாக இளக்கினார், நான் என் ரோப்பில் கூடவே இறங்கினேன். கனமாக விழும் தண்ணீரில் அவள் முகத்தை என் கைக்குள் மூடிக்கொண்டு கடந்தேன். குளத்தில் இறங்கியதும் கரையில் உட்கார வைத்தேன். இருமினாள், வாந்தி எடுத்தாள், அழுதாள். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு.

செந்தில் பாதை வழியாகச் சறுக்கிக்கொண்டு ஓடி வந்தார். கிரிக்கெட் மூட்டு நன்றாகத்தான் வேலை செய்தது. வந்து மூச்சிரைக்க முதல் கேள்வி கேட்டார்.

"தாலி எங்க?"

பின்னாலேயே வந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். என் சாமி, என் ராசா என்று ஒப்பாரி. யாருக்காக அழுகிறாரோ அந்த ராசா கையில் கேமராவும் கடைவாயில் முறுக்குத்தூளுமாகப் பக்கத்தில் உயிரோடு நின்றிருந்தார். சாகப் பார்த்தவள் தனியாக உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள்.

திர்க்கி சார் இறங்கி வந்தார். எட்டுக்குள் மாட்டியிருந்த பொன்தாலியைக் கயிற்றோடு உருவி எடுத்து, தண்ணீரில் அலசினார். அம்மா கை நீட்டினார். மகனும் நீட்டினார். சார் இருவரையும் தாண்டிப் போய் சுகன்யாவின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு அவளைப் பேசச் சொன்னார், எச்சில் விழுங்கச் சொன்னார், ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பெரிய காயம் இல்லை, இரண்டு நாள் குரல் கம்மியிருக்கும் என்றார் டாக்டர். அன்று மாலையே கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் புதுக் கயிறு கட்ட வைத்தார் அம்மா. மறுநாள் காலை எங்கள் ஆபீசில் புகார்.

டெபுடி சாப் விசாரித்தார். அவர் மேன்லண்டிலிருந்து வந்த தமிழர், பக்திமான், மேசைமேல் விபூதிச் சம்புடம் வைத்திருப்பவர். ஒரு பக்கம் திர்க்கி சாரும் நானும் நின்றோம். இன்னொரு பக்கம் நாற்காலியில் அவர்கள் மூவர். தாலியை ஊழியர்கள் சரியாக உள்ளே வைக்கவில்லை என்பது செந்திலின் புகார். கட்டிய கயிற்றை அறுத்த கையை வேலையில் வைத்திருக்கக் கூடாது என்பது அம்மாவின் புகார்.

டெபுடி சாப் என்னைப் பார்த்தார். "நீங்களும் ஒரு தமிழ்ப் பொம்பளதானேம்மா? தாலிய அறுக்க உங்களுக்கு எப்படிக் கை வந்துச்சு?"

எனக்கு அந்த வேலை போனால் வேறு போக்கிடம் இல்லை. சர்ப்ளஸ் ஆளை மறுபடி சர்ப்ளஸ் ஆக்குவது சுலபம், தெற்குக் கோடித் தீவில் இருக்கும் காம்ப்பெல் பேவுக்குக் கப்பலேற்றினால் கேட்க நாதியில்லை. வாயைக் கட்டத்தான் நினைத்தேன். வாய் கேட்கவில்லை.

"எனக்கும் ஒண்ணு இருந்திச்சுங்க சார்" என்றேன். "இதே மாதிரி ஒரு மேசைக்குப் பின்னால உக்காந்திருந்த ஆம்பள ஒருத்தரு, ஒரு முத்திரை குத்தி எடுத்தாரு. அவருக்கு எப்பிடிக் கை வந்திச்சுன்னு யாருமே கேக்கலீங்களே."

டெபுடி சாப் விபூதிச் சம்புடத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். திர்க்கி சார் பக்கம் திரும்பி, அறுக்காமல் காப்பாற்றியிருக்க முடியாதா என்று ஹிந்தியில் கேட்டார்.

"சாப்" என்றார் திர்க்கி சார், எப்போதும் போல மரியாதையாக. "தாகா பாஜார் மேம் மில்தா ஹை. கர்தன் நஹீம் மில்தா."

நூல் பஜாரில் கிடைக்கும், கழுத்து கிடைக்காது. அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. செந்திலுக்குத் தெரியும், ஆனால் மொழிபெயர்க்கவில்லை. "அதெல்லாம் சரி சார், இவங்க உள்ள வெச்சு ஒட்டியிருந்தா இது நடந்தே இருக்காது" என்றார்.

அப்போது சுகன்யா பேசினாள். தகரத்தில் கல் உரசுகிற மாதிரி குரல்.

"உள்ளதானுங்க வெச்சு ஒட்டுனாங்க. வெளிய எடுத்துப் போடச் சொன்னது இவருங்க. எடுத்துப் போட்டது நானுங்க."

"சுகன்யா, நீ சும்மா இரு" என்றார் செந்தில்.

அவள் இருக்கவில்லை. "கத்தரிக்கோலுக்குக் கயித்த விரல்ல தூக்கிக் குடுத்ததும் நாந்தானுங்க சார். இந்தக்காவ எதுக்கு நிக்க வெச்சுக் கேக்கறீங்க? கேக்கோணும்னா என்னையக் கேளுங்க."

டெபுடி சாப் யாரையும் கேட்கவில்லை. பெரிய ஆபீசர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் ஓர் ஆர்டர் போடுவார்கள். போட்டார். இனிமேல் அருவியில் இறங்கும் யார் கழுத்திலும் எதுவும் இருக்கக் கூடாது, உடன் வந்தவரிடம் ஒப்படைத்துவிட்டே இறங்க வேண்டும் என்று. யாருக்கும் தண்டனை இல்லை. அம்மா, "இதென்ன ஞாயம்?" என்று கேட்டுக்கொண்டே வெளியே போனார். படி இறங்கும்போது சுகன்யா மட்டும் திரும்பி என்னிடம் கேட்டாள்.

"ஏனுங்கக்கா, நாளன்னிக்கு அருவில எறக்கம் உண்டுங்களா?"

வந்தாள். ஊருக்குத் திரும்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள். கூட செந்தில், முகம் தொங்கிப்போய். அம்மாவுக்குக் கால் வீக்கம், ஓட்டலில் படுத்துவிட்டார். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்தாளா என்று திர்க்கி சார் விசாரித்தார், கேட்டிருந்தாள். சார் அவளுடைய கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் பிளாஸ்திரியைக் கையில் எடுக்கவில்லை. ஆர்டர் இருக்கிறதே. சுகன்யா தாலியைக் கழுத்திலிருந்து தலைவழியாகக் கழற்றினாள். செந்தில் பதறி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"என்ன பண்றே?"

"கவர்மெண்டு ஆர்டருங்க" என்றாள். அவருடைய வலது கையை விரித்து, உள்ளங்கையில் தாலியைச் சுருட்டி வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். "கெட்டியாப் புடிச்சுக்குங்க. கீழ வந்து வாங்கிக்கறேன்."

"கீழ வெச்சா...?"

"கீழ வெக்கலாமுங்களா? தாலியாச்சே."

அவள் இறங்கிப் போய்விட்டாள். முதல் இறக்கத்தில் அந்தத் தண்ணீருக்குப் பக்கவாட்டில் காலை வைத்து, நின்று, ஒருமுறை மேலே பார்த்துவிட்டு, நேராகக் குளத்துக்குப் போனாள். சறுக்குப் பாறையில் அவள் போட்ட கூச்சல் மேலே வரை கேட்டது. குரல் சரியாகிவிட்டது என்று தெரிந்தது.

செந்தில் பாதை வழியாக வந்தார். கேமரா கழுத்தில் தொங்கியது, அதை எடுக்கக் கையில்லை. ஒரு கை தாலியை மூடியிருந்தது. வழுக்கினால் அது விழுந்துவிடுமோ என்று இன்னொரு கை அந்தக் கையை மூடியிருந்தது. மழை விட்ட காட்டுப் பாதையில் அட்டைகளுக்கு இதைவிட நல்ல விருந்தாளி கிடைக்க மாட்டார். கணுக்காலில் ஏறின, முழங்காலில் ஏறின. அவரால் ஒன்றைக்கூடப் பிடுங்க முடியவில்லை. காலை உதறி உதறி, பல்லைக் கடித்துக்கொண்டு, தீமிதிக்கிற மாதிரி நடந்து வந்தார். நான் பின்னாலேயே வந்தேன். உதவி செய்திருக்கலாம். கேட்டால் செய்திருப்பேன்.

கடைசிக் குளத்தை நாங்கள் அடைந்தபோது அவள் எப்போதோ இறங்கி முடித்திருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டு, முடியை அவிழ்த்துவிட்டு, நடுக்குளத்தில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். கழுத்தில் அந்தச் சிவப்புக் கோடு மட்டும் கொஞ்சம் மங்கித் தெரிந்தது.

செந்தில் கரையில் நின்று இரண்டு கையையும் நீட்டினார். முழங்காலிலிருந்து ரத்தம் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது.

"சுகன்யா, இந்தா. வாங்கிக்க."

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"கை ஈரமா இருக்குதுங்க" என்றாள். "இன்னுங்கொஞ்ச நேரம் வெச்சிருங்க."

திரும்பிக் குப்புறப் புரண்டு, அக்கரைக்கு நீந்தத் தொடங்கினாள்.